இருபத்தைந்து பேர் இல்லாத கடை

வேலைக்கு ஆள் எடுப்பதில் இனப் பாகுபாடு பற்றி எழுதச் சொன்னால், பெரும்பாலான மாணவர்களின் இரண்டாவது பத்தி ஒரே மாதிரிதான் இருக்கும். சிங்கப்பூர் மாணவர் என்றால் "அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இதைத் தடைசெய்கிறது" என்பார். மலேசிய மாணவர் 8ஆம் பிரிவைச் சொல்வார். பிரிவு எண்ணைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறார்களே என்று நாமும் சரி போட்டுவிடுகிறோம். ஆனால் அந்தப் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்க. சட்டங்களிலும், பொது அதிகாரத்தின் கீழ் வரும் பதவிகளிலும் வேலைகளிலும் இனம், சமயம், வம்சாவளி, பிறப்பிடம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்பதே அதன் சாரம். அது அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது. புளோக்கின் கீழே மளிகைக்கடை வைத்திருப்பவர் பொது அதிகாரம் அல்ல. மலேசியக் கூட்டரசு நீதிமன்றமும் 2005இல், ஒரு விமானப் பணிப்பெண் தொடுத்த வழக்கில், தனியாருக்கு இடையிலான தகராறுக்கு அரசமைப்புச் சட்டத்தின் பாதுகாப்பு நீளாது என்றே சொன்னது.

அப்படியானால் "ஆள் தேவை" என்று கண்ணாடிக் கதவில் அட்டை ஒட்டியிருக்கும் சின்னக் கடையை எந்தச் சட்டம்தான் தொடும்? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் 25 என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது.

அதற்கு முன்னால் சின்னக் கடைக்காரர் பக்கத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் நம் கட்டுரை ஒருபக்கக் கட்டுரையாகிவிடும். அக்காலச் சிங்கப்பூரில் வேலைக்கு ஆள் எடுப்பது என்றாலே தன் ஆளை எடுப்பதுதான். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் நகரத்தார் தங்கள் சமூகத்துப் பிள்ளைகளைத்தான் பெட்டியடிப் பையன்களாகச் சேர்த்தார்கள். பையன் கணக்குப் பழகி அடுத்தாளாவான், பிறகு மேலாளாவான். சீனர்களிடையிலும் கிளைமொழி பார்த்துத் தொழில் பிரிந்திருந்தது. பிந்தி வந்த ஹைனானியர் மற்ற தொழில்களில் இடம் கிடைக்காமல், வீட்டுச் சமையலிலும் காப்பிக் கடைகளிலும் காலூன்றினார்கள். கப்பலிலிருந்து இறங்கியவனுக்கு ஊர்க்காரன் கடைதான் வீடு, வங்கி, வேலை வாய்ப்பு நிலையம் எல்லாம். இதை வெறும் இனவெறி என்று எழுதினால் அது தவறான வரலாறு. ஆனால் ஒருவருக்குத் திறந்த அதே கதவு இன்னொருவருக்கு மூடியிருந்தது என்பதையும் விடாமல் எழுத வேண்டும். நம் கடைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதே வாதம்தான் 1964இல் அமெரிக்க செனட்டிலும் எழுந்தது. கறுப்பின மக்களின் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு வந்த குடியுரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதி, தனியார் முதலாளிகள் இனம் பார்த்து வேலை தர மறுப்பதைத் தடைசெய்தது. எத்தனை ஊழியர் உள்ள முதலாளிக்கு இது பொருந்தும் என்பதில் பெரிய இழுபறி. நியூ ஹேம்ப்ஷர் செனட்டர் நாரிஸ் காட்டன், எண்ணை 100இலேயே நிறுத்தச் சொன்னார். அவர் காரணத்தைக் கேளுங்கள்: சின்ன நிறுவனத்தில் ஊழியரைத் தேர்ந்தெடுப்பது ஏறக்குறையப் பங்காளியைத் தேர்ந்தெடுப்பது மாதிரி, பங்காளியைத் தேர்ந்தெடுப்பதோ மனைவியைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு அருகில் வந்துவிடும்! சிரிப்பு வருகிறதா? நம் வணிகர்களில் பலர் இதை வேறு வார்த்தைகளில் இன்றும் சொல்வார்கள். "கல்லாவை நம்பி விடணும், தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லது" என்பதும் இதுதானே.

காட்டனின் திருத்தம் தோற்றது. ஆனால் சட்டம் ஒரேயடியாகவும் பாயவில்லை. 1965 ஜூலையில் நடப்புக்கு வந்தபோது 100 ஊழியர் உள்ள நிறுவனங்களோடு தொடங்கி, ஆண்டுக்கு ஒரு படியாக 75, 50 என்று இறங்கி, 1968இல் 25இல் வந்து நின்றது. 1972இல் அதை 8 ஆக்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது. 15 என்று சமரசமாயிற்று. இன்றும் அந்த 15தான்.

சரி, 14 பேர் வேலை செய்யும் கடையில் இனம் பார்த்து விரட்டினால்? இங்கேதான் வரலாறு மாணவர்களுக்குச் சுவையான ஒரு திருப்பம். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 1866இல், விடுதலையான அடிமைகளுக்காக ஒரு சட்டம் இயற்றினார்கள். ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமை வெள்ளையருக்கு இருப்பதுபோலவே எல்லாருக்கும் உண்டு என்றது அது. தனியார் வேலை விவகாரத்தில் அதை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு யாரும் பெரிதாகக் கையில் எடுக்கவில்லை. வேலையும் ஓர் ஒப்பந்தம்தானே என்ற வாதம் பிற்பாடு வலுப்பெற்றது. தனியார் வேலையில் இனப் பாகுபாட்டுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1975இல் ஏற்றுக்கொண்டது. அந்தப் பழைய சட்டத்தில் ஊழியர் எண்ணிக்கை என்ற பேச்சே இல்லை. ஆக, புதிய சட்டம் வெளியே விட்ட சின்னக் கடையை நூறாண்டுப் பழைய சட்டம் உள்ளே இழுத்தது.

பிரிட்டனில் கதை சுருக்கம். 1965இல் வந்த இன உறவுச் சட்டம் வேலையைத் தொடவே இல்லை. 1967இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே மாதிரித் தகுதியோடு ஓர் ஆங்கிலேயர், ஹங்கேரியிலிருந்து குடியேறிய ஒரு வெள்ளையர், நிறத்தவரான ஒரு குடியேறி என்று ஆட்களை வேலை கேட்டு அனுப்பிப் பார்த்தார்கள். நிறத்தவர்தான் ஆக அதிகமாகத் திருப்பி அனுப்பப்பட்டார். அதையடுத்து 1968இல் வந்த சட்டம் வேலையையும் சேர்த்துக்கொண்டது. அதிலும் சின்ன முதலாளிக்கு விலக்கு உண்டு: முதல் இரண்டு ஆண்டுக்கு 25 பேர் வரை, அடுத்த இரண்டு ஆண்டுக்கு 10 பேர் வரை. அதன்பின் கிடையாது. விலக்கு எப்போது முடியும் என்பது சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்ததைக் கவனியுங்கள். கடைக்காரருக்குத் தேதி தெரியும். ஆனாலும் பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குப் போட முடியாது, இன உறவு வாரியம்தான் போடலாம் என்ற குறை இருந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை மாற்றியது.

இனி சிங்கப்பூர். இங்கே நாம் நெடுங்காலம் சட்டத்தை நம்பவில்லை, வழிகாட்டியை நம்பினோம். வேலை விளம்பரங்களுக்கான முத்தரப்பு வழிகாட்டி 1999இல் வந்தது. 2006இல் நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணி உருவானது. வழிகாட்டியை மீறினால் மனிதவள அமைச்சு வெளிநாட்டு ஊழியர்களுக்கான அனுமதிச் சலுகையில் கைவைக்கும். பெரிய நிறுவனங்களுக்கு அது வலிக்கும். வெளிநாட்டு ஊழியரே இல்லாத சின்னக் கடைக்கு அந்தப் பிரம்பு எட்டாது.

2021 தேசிய தினப் பேரணி உரையில், வழிகாட்டிகளைச் சட்டமாக்கப் போவதாக அன்றைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். வேலையிட நியாயத்தன்மை மசோதா 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இனம், சமயம், மொழி மூன்றும் பாதுகாக்கப்பட்ட அம்சங்களில் அடங்கும். ஆனால் 25க்கும் குறைவான ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு; ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு மறுபரிசீலனை. சிறு நிறுவனங்களுக்கு மனிதவளப் பிரிவே இருக்காது, பழகிக்கொள்ளக் காலம் வேண்டும் என்பது காரணம். ஏறக்குறைய முக்கால்வாசி ஊழியர்கள் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள் என்று அரசாங்கம் கூறுகிறது. மிச்சக் கால்வாசி?

அந்தக் காரணத்தை நான் ஒதுக்கவில்லை. பத்துப் பேரை வைத்துக் கடை நடத்துபவர் வழக்கறிஞருக்கு எங்கே போவார்? ஆனால் பிரிட்டன் தேதி வைத்து விலக்கை முடித்தது, நாம் மறுபரிசீலனை என்று நிறுத்தியிருக்கிறோம். இந்த வேறுபாடு சின்னதல்ல. உங்கள் வகுப்பு மாணவர்களைக் கேட்டுப் பாருங்க. பள்ளி விடுமுறையில் பகுதிநேர வேலைக்கு அவர்கள் முதலில் ஏறி இறங்குவது கடைகளையும் உணவகங்களையும்தான். "மாண்டரின் தெரியுமா?" என்ற கேள்வியைச் சந்தித்த பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருப்பார்கள்.

அந்தக் கேள்வி எப்போதுமே பாகுபாடு என்று எழுத வேண்டாம். தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான். சீனச் சுற்றுப்பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிக்கு மாண்டரின் தேவை. தேவாரம் கற்பிப்பவருக்குத் தமிழ் தேவை. கிடங்கில் பெட்டி அடுக்குபவருக்கு எதற்கு? வேலைக்கு உண்மையில் தேவைப்படும் மொழியைக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. தேவைப்படாத இடத்தில் மொழியைக் கேட்டால், இனத்தைக் கேட்காமலேயே இனத்தைக் கேட்டதாகிவிடும்.

மலேசிய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின் 69எஃப் பிரிவு, வேலையில் பாகுபாடு பற்றிய தகராறுகளை விசாரிக்கும் அதிகாரத்தைத் தலைமை இயக்குநருக்குத் தருகிறது. தலை எண்ணிக்கை விலக்கு அங்கே இல்லை. ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. நேர்காணலுக்கே அழைக்கப்படாதவர் அதைப் பயன்படுத்த முடியுமா என்று மாணவர்களை விவாதிக்க விடலாம்.

சிங்கப்பூர்ச் சட்டம் 2027 இறுதிவாக்கில் நடப்புக்கு வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அதிலிருந்து ஐந்து ஆண்டைக் கூட்டினால் 2032. இன்று உயர்நிலை இரண்டில் இருக்கும் பிள்ளை அப்போது முழுநேர வேலை தேடிக்கொண்டிருப்பார். அதுவரை, 24 பேர் உள்ள கடையில் அவருக்கு ஏதாவது நேர்ந்தால் பழைய வழிகாட்டியும் முத்தரப்புக் கூட்டணியின் புகார் வழியும்தான். வழிகாட்டி எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும், கடை எவ்வளவு சின்னதானாலும். விளம்பரத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு புகார் செய்யச் சொல்லுங்கள்.