பாரிஸைக் கண்ட ஐவர்

எங்கள் உத்திரமேரூர் எழுதிவைப்பதில் பிரசித்தி பெற்ற ஊர். முதற் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டு, வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் நிற்கும் சாசனங்கள், முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வாயிலாக வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுக்கும் முறையைச் சொல்வதோடு, கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் அப்பதவிக்கு ஆகார் என்ற விதியையும் மறவாமல் சொல்கின்றன. இத்தகைய ஊரில் வளர்ந்தவனுக்கு, எழுதப்படாமற் போன சரித்திரங்களின் மீது ஒரு கவலை பிறப்பது இயல்பே. தமிழ்ப் பெண்கள் ஐவர் 1838-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தைக் கண்ட சரித்திரம் அவற்றுள் ஒன்று.

கடலூரை அடுத்துக் கெடில நதிக்கரையில் விளங்கும் திருவகீந்திரபுரத்தில், தேவநாதப் பெருமாள் சந்நிதியில் ஆடிவந்த தேவதாசிகள் அவர்கள். காஞ்சியைச் சேர்ந்த தூப்புலில் அவதரித்த வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்த தலமாதலால், எங்கள் பக்கத்து வைணவக் குடும்பங்களுக்கு அது அந்நியமான ஊரன்று. முப்பது வயதினளான தில்லம்மாள், பதினெட்டு வயது அம்மணி, அவளினும் இளையவர்களான ரங்கம், சுந்தரம், ஆறு வயதுச் சிறுமி வேதம் என்பன, பிரெஞ்சுப் பத்திரிகைகள் தம் செவிக்கு எட்டியவாறு எழுதிவைத்ததிலிருந்து நாம் மீட்டுக்கொள்ளும் பெயர்கள். தாளம் பிடிக்கும் இராமலிங்கத்தின் தலைமையில், சுருதிக்கும் மத்தளத்துக்குமாக இன்னும் இருவர் உடன் சென்றனர். டார்டிவேல் என்னும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அழைத்துச் சென்றார். சூயஸ் கால்வாய் திறப்பதற்கு முப்பத்தோராண்டுகள் இருந்த அந்தக் காலத்தில், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்ற கப்பல், கோடைக்காலத்தில் அவர்களைப் போர்தோ துறைமுகத்தில் இறக்கிவிட்டது.

அவர்கள் புகுந்த பாரிஸ், புதுமைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்த நகரம். நெப்போலியன் தொடங்கிய வெற்றி வளைவு 1836-இல் முற்றுப்பெற்றிருந்தது. அதே ஆண்டில், எகிப்திலே லக்ஸர் கோயிலின் வாயிலில் நின்ற கல்தூண் கொன்கோர்து சதுக்கத்தில் நாட்டப்பட்டிருந்தது. மறு ஆண்டில் முதல் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. கடைவீதிகளில் எரிவாயு விளக்குகள் இரவைப் பகலாக்கிக்கொண்டிருந்தன. அந்த 1838-இல்தான் டாகேர் என்பவர் ஜனசந்தடி மிகுந்த ஒரு வீதியைத் தம்முடைய புதிய யந்திரத்தால் படமாக்கினார். ஒளி பதிவதற்கு நெடுநேரம் பிடித்தபடியால், விரைந்தோடிய வண்டிகளும் நடந்து சென்ற மாந்தரும் தடயமின்றி மறைந்துபோக, காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவனும் அவன் காலடியில் வேலை செய்த மற்றொருவனுமே அதில் மனிதர்களாகப் பதிந்தனர்.

கோயில் நடனமாதைப் பற்றிப் பாரிஸ் தன் கற்பனையில் ஒரு சித்திரத்தை முன்னரே தீட்டி வைத்திருந்தது. ஓபேர் இயற்றிய இசை நாடகத்தில் மாரி தாலியோனி அத்தகைய வேடம் பூண்டு ஆடி எட்டாண்டுகள் ஆகியிருந்தன. எனவே உண்மையான தேவதாசிகள் வந்திறங்கியபோது, தெயோஃபில் கோத்தியே போன்ற எழுத்தாளர்கள், ஷான்ஸெலிஸே அருகில் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கே சென்று, நிறத்தையும் மூக்கணியையும் சலங்கையையும் அணு அணுவாக வர்ணித்தனர். அரசர் லூயி பிலிப்பின் முன்னிலையில் ஆடிய அவர்கள், ஆகஸ்டு 22 அன்று வாரியேத்தே நாடகசாலையில் பொதுமக்களின் முன் தோன்றினர். சுழன்று ஆடியபடியே, கையிலிருந்த நீண்ட மெல்லிய துகிலை மடித்தும் முடிந்தும், ஆட்டம் ஓய்வதற்குள் பனங்கிளையில் அமர்ந்த புறாக்களாக அதனை உருவாக்கிக் காட்டும் ஒரு நடனம் சபையோரை வியப்பில் ஆழ்த்தியது. பார் என்னும் சிற்பி, அம்மணியின் நின்ற கோலத்தை வெண்கலத்தில் வடித்தார். அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி நாடகசாலையும் அவர்களை வரவேற்றது.

பாரிஸ் அவர்களைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்க, பாரிஸைப் பற்றி அவர்கள் தம் கையால் எழுதிய ஒரு வரியும் நம் கைக்கு வரவில்லை. ஆயினும் அவர்களுடைய அபிப்பிராயம் அறவே மறைந்துவிடவில்லை. நடத்தையில் அது தெரிகிறது. அந்த மகாநகரத்தின் நடுவிலே தம் சோற்றைத் தாமே சமைத்து உண்டார்கள். தங்கள் ஆடையையும் ஆபரணத்தையும் அந்நாட்டு நாகரிகத்துக்காக மாற்றிக்கொள்ளவில்லை. சந்நிதியில் பயின்ற அடவை விளக்கொளி மேடையிலும் அந்தத் தாளத்துக்கே ஆடினார்கள். வேடிக்கைப் பொருளாகப் பார்க்கப்பட்டவர்கள், தங்கள் மனத்தளவில் தொழில் செய்ய வந்த வித்துவான்களாகவே இருந்தார்கள் என்பதற்கு இதனினும் வேறு சாட்சி எதற்கு?

நம் நாட்டியம் கோயிலை விட்டுப் பொது அரங்கேறிய கதையை, 1930-களில் சென்னை சங்கீத வித்வத் சபையின் மேடையிலிருந்து தொடங்குவது நம்மவர் வழக்கம். அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னரே, மொழி அறியாத ஜனத்திரளின் முன், கட்டணம் செலுத்தி வந்தவர்களின் பார்வைக்கு அஞ்சாமல், ஐந்து பெண்கள் அந்தக் காரியத்தைச் செய்து முடித்திருக்கிறார்கள். ஆதலால் அக்கதையின் முதல் அத்தியாயத்துக்கு உரிய ஆண்டு 1838. உரிய பெயர்கள் தில்லம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், வேதம்.