தேள் வளர்ப்பும் ஃபாபரின் கண்ணாடிக் கூண்டும்

நெருப்பு வளையத்துக்குள் சிக்கிய தேள் தன்னைத்தானே கொட்டிக்கொண்டு செத்துவிடும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாபர் (1823–1915) இதைச் சோதித்துப் பார்த்தார். தணலுக்கு நடுவே விடப்பட்ட தேள் துடித்து, அசைவற்றுக் கிடந்தது. எடுத்துக் குளிர்ந்த மணலில் வைத்தபின், சற்று நேரத்தில் எழுந்து நடந்தது.

தென் பிரான்சில் செரினியான் என்ற ஊரில் 1879இல் ஃபாபர் வாங்கிய நிலம் கல்லும் முள்ளுமான தரிசு. அருகிலிருந்த வெயில் காயும் குன்றுகளில், கற்களுக்கு அடியில், வைக்கோல் நிறமுள்ள லாங்கதோக் தேள் வாழ்ந்தது. அவற்றைப் பிடித்து வந்து சிலவற்றைத் தோட்டத்திலும் சிலவற்றைத் தம் அறையிலும் வளர்த்தார். அறைத் தேள்களுக்கு மணல் நிரப்பிய சட்டி, மேலே கம்பிவலை மூடி, உள்ளே உடைந்த பூந்தொட்டி ஓடு. அந்த ஓட்டின் அடியில் அவை தாமே வளை தோண்டிக்கொண்டன. பிறகு பெரிய கண்ணாடிக் கூண்டு ஒன்று செய்யப்பட்டது. கண்ணாடி வழுக்கியது, ஆனால் மரச்சட்டங்களைப் பற்றி ஏறித் தேள்கள் தப்பின. சட்டத்தில் வழவழப்பான தாளை ஒட்டிக் கொழுப்புத் தடவிய பிறகே ஓட்டம் குறைந்தது. இன்று தேள் வளர்ப்போருக்கும் இதே தொல்லைதான்: தொட்டியின் மூலையிலுள்ள பசைக்கோடு தேளுக்கு ஏணியாகிவிடுகிறது.

உணவு பெரிய சிக்கலாக இல்லை. குளிர்கால மாதங்கள் முழுதும் அவை இரை தேடவே இல்லை. 1904 வசந்தத்தில், ஆண் தேள் பெண்ணின் இடுக்கிகளைப் பிடித்து மெல்ல நடத்திச் செல்லும் இணைநடையை ஃபாபர் இரவில் விளக்கு வைத்துப் பார்த்தார். இணைந்தபின் ஆணைப் பெண் தின்றுவிடுவதும் அந்தக் கூண்டில்தான் தெரிந்தது. தேள் செப்டம்பரில் குட்டி போடும் என்று லியோன் துஃபூர் முன்னரே எழுதியிருந்தார். ஃபாபரின் தேள்களோ ஜூலையிலேயே குட்டி போட்டன. வெண்ணிறக் குட்டிகள் தாயின் முதுகில் ஏறி, அங்கேயே முதல் தோலை உரித்தன.

அவை முதுகை விட்டு இறங்கியபின்தான் கடினமான கட்டம் வந்தது. அத்தனை சிறிய வாய்க்கு ஏற்ற இரையைத் தேடித் தர ஃபாபரால் முடியவில்லை. குட்டிகளைக் குன்றுக்கே திருப்பி அனுப்ப முடிவு செய்தார்.

இந்தத் தடை இன்னும் முழுதாக நீங்கவில்லை. வட அமெரிக்கப் பாலைவனங்களின் ஆட்ருரஸ் அரிசோனென்சிஸ் என்ற பெரிய தேள் இன்று பலராலும் விரும்பி வளர்க்கப்படுகிறது. ஆழமான மணல், மறைவிடம், வெப்பம், எப்போதாவது ஒரு பூச்சி, தொட்டிக்கு ஒரு தேள் என்று வைத்தால் வளர்ந்த தேள் பல ஆண்டுகள் வாழும். குட்டிகளோ தோலுரிக்கும்போது பெரும்பாலும் மடிகின்றன. அதனால் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் பாலைவனத்தில் பிடிக்கப்பட்டவையே. கூண்டில் ஓரளவு எளிதாகப் பெருகும் மேற்கு ஆப்பிரிக்கப் பேரரசுத் தேளின் பன்னாட்டு வணிகம் 1995இல் சைட்டீசு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஆட்ருரஸ் அந்தப் பட்டியலில் இல்லை.