உணரி வலைகளில் முகவரியின் ஆற்றல் மதிப்பு: ஒரு மாதிரியின் மறுவாசிப்பு

கம்பியில்லா உணரி வலையில் முகவரிக்கு ஆகும் ஆற்றலை அதன் நீளத்தால் அளப்பது ஆய்வுகளில் வேரூன்றிய வழக்கம். இந்தப் பிட் கணக்கு பெரும்பாலும் 2000-இல் ஹைன்ஸல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் ஆகியோர் லீச் நெறிமுறையுடன் முன்வைத்த ஆற்றல் மாதிரியைச் சார்ந்தது. அதன் ஆசிரியர்கள் கருதிய எல்லைக்கு அப்பால் அந்த மாதிரி இழுக்கப்பட்டுவிட்டதாகவே தோன்றுகிறது.

ஒரு பிட்டை அனுப்பவோ பெறவோ மின்சுற்றுக்கு 50 நானோஜூல் ஆகும். அனுப்பும்போது தொலைவின் வர்க்கத்துக்கேற்ப, சதுர மீட்டருக்கு 100 பிக்கோஜூல் வீதம் கூடும். மாதிரி இவ்வளவே. பிட் ஏதும் வராமல் விழித்திருக்கும் ஏற்பிக்கு இதில் செலவே கிடையாது. லீச் நெறிமுறை இந்தச் செலவை அறியாததன்று: கொத்தின் உறுப்புக் கணுக்கள் தம் முறை வரும்வரை அலைக்கருவியை அணைத்து வைக்கின்றன, தலைமைக் கணு மட்டும் விழித்திருக்கிறது. நெறிமுறையில் இருந்த இந்த அறிவு சமன்பாட்டில் ஏறவில்லை. பின்வந்தோர் எடுத்துக்கொண்டதோ சமன்பாட்டை மட்டும்.

பரவலாகப் புழங்கிய சிசி2420 சில்லு ஏற்கும்போது 18.8 மில்லிஆம்பியரும், முழுத் திறனில் அனுப்பும்போது 17.4 மில்லிஆம்பியரும் இழுக்கிறது. பேசுவதைவிடக் கேட்பதற்கே செலவு அதிகம். பரப்பும் திறனை 300 மடங்குக்கு மேல் குறைத்தாலும் மின்னோட்டம் 8.5 மில்லிஆம்பியருக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே எட்டும் தொலைவைக்கூட வர்க்க விதியை நம்பிக் குறுந்தாவல்களாக உடைக்கும் வழிப்படுத்தல் இங்கே நட்டக்கணக்கு. அனுப்புநர், பெறுநர் முகவரிகள் இரண்டையும் 64 பிட்டிலிருந்து 16 பிட்டாகச் சுருக்கினால் 96 பிட் மிஞ்சும். நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில், 3 வோல்ட்டில், அனுப்பும் கணுவுக்கு அது ஏறத்தாழ 20 மைக்ரோஜூல். ஒரு நொடி சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் 56 மில்லிஜூல். சுமார் 2,800 பொட்டலங்களில் சேர்த்த மிச்சம் அந்த ஒரு நொடியில் கரைந்துவிடும்.

எனவே முகவரியின் மதிப்பு, யார் உறங்கலாம் என்பதை அது எவ்வளவு விரைவில் அறிவிக்கிறது என்பதில் இருக்கிறது. 2004-இன் பி-மேக் நெறிமுறையில் நீண்ட முன்னறிவிப்பு முடியும்வரை அண்டைக் கணுக்கள் எல்லாமே விழித்திருக்க நேரும். செய்தி யாருக்கென்பது அதன்பிறகே தெரியும். 2006-இன் எக்ஸ்-மேக் அந்த முன்னறிவிப்பைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் பெறுநரின் முகவரியைப் பதித்தது. இதில் பிட்டுகள் குறையவில்லை. அதே முகவரி பலமுறை ஒலிபரப்பாகிறது. ஆயினும் உரியவர் உடனே மறுமொழி தர, மற்றவை உறங்கப் போகின்றன. பிட் எண்ணும் மாதிரியால் இந்த ஆதாயத்தைக் காணவே இயலாது.

127 பைட் சட்டகத்தில் ஐபிவி6-இன் 40 பைட் தலைப்பு போகத் தரவுக்கு இடம் மிஞ்சச் சுருக்கம் வேண்டுமே என்பது எதிர்வாதம். வேண்டும்தான்; ஆனால் அது இடத்தைப் பற்றிய வாதம், ஆற்றலைப் பற்றியதன்று.

முகவரியை 8 பிட்டாக்கி, ஒரே எண்ணைப் பல கணுக்களுக்கு வழங்கும் யோசனை இன்னும் ஐயத்துக்குரியது. 16 பிட்டிலிருந்து 8 பிட்டுக்கு இறங்கினால் அனுப்பும் கணுவுக்குப் பொட்டலத்துக்கு 3.3 மைக்ரோஜூல் மிஞ்சும். ஒரே எண்ணுடைய அண்டைக் கணு தவறாக விழித்து ஒரு முழுச் சட்டகத்தைக் கேட்டால் ஏறத்தாழ 240 மைக்ரோஜூல் போகும்; சுமார் 70 பொட்டலங்களின் மிச்சம் அது. பெறுநருக்கு மிஞ்சுவதையும் சேர்த்தால் இந்த எண்ணிக்கை பாதியாகும், முடிவு மாறாது.