வாடகை நிலத்தில் ஒரு சுவடியறை: வழங்கியில் நிறுவப்பட்ட தமிழ் வலைப்பதிவுகளும் வரலாற்றுச் சான்றும்

மலேசியத் தமிழர் சமூக வரலாற்றை ஆராய்வோர் இதுகாறும் கையாண்டுவந்துள்ள சான்றுகளுள் பெரும்பாலானவை தாளில் அமைந்தவை. 1924இல் தோன்றி 2019 சனவரியில் நின்றுபோன 'தமிழ் நேசன்' நாளிதழ், தோட்டத்துச் சம்பளக் கணக்கேடுகள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் திருப்பணி மலர்கள் முதலியன அவ்வகையின. அவற்றைக் கறையான் அரித்ததுண்டு, வெள்ளம் கொண்டதுமுண்டு. ஆயினும் அவை நிலைத்திருக்க எவரும் ஆண்டுதோறும் வாடகை செலுத்த வேண்டியிருந்ததில்லை. 2003ஆம் ஆண்டிற்குப் பின் எழுதப்பட்ட ஒரு பெருந்தொகுதியான தமிழ் உரைநடை இந்நிலையிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. தனியாட்கள் தம் பணத்தில் வழங்கியில் இடம் பிடித்து, வலைப்பதிவு மென்பொருளைத் தாமே நிறுவி எழுதியவை அவை. அந்நிறுவல் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறியாமல் அவ்வெழுத்தைச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் கருத்தாகும்.

பேரா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் குடும்பங்கள் பல வேலையும் வீடும் இழந்தன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியதற்கு அதுவே காரணம். பின்னர் ரப்பர் செம்பனைக்கும், செம்பனை வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடங்கொடுத்தன. தோட்டம் விட்டவர்களின் பிள்ளைகள் நகர ஓரங்களில் குடியேறினர். லூர்து மாதா ஆலயத்தால் தமிழரிடையே அறியப்பட்ட, ஈப்போவை ஒட்டிய சிலிபின் வட்டாரத்திலும் அத்தகைய குடும்பங்களைக் காணலாம். தாம் வளர்ந்த லயத்தையும் வெளிக்காட்டையும் பற்றி எழுத இவர்களுக்கு ஏடுகளில் கிடைத்த இடம் ஞாயிறு மலரின் ஒரு பத்தி. இணையம் அவ்வெல்லையை நீக்கிற்று.

எழுத்துக்கான கருவி நம் நாட்டிலேயே உருவாகியிருந்தது. முத்து நெடுமாறனின் 'முரசு' மென்பொருள் 1985இல் தோன்றியது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சிகளும், 1999இல் சென்னை மாநாட்டையொட்டி அமைந்த தமிழ்99 விசைப்பலகையும், 2001இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடும் அடுத்தடுத்த படிகள். ஆயின் குறியாக்கம் ஒன்றாக இருக்கவில்லை. திஸ்கி ஒருபுறம், தமிழக அரசின் தாம், தாப் ஒருபுறம், யூனிக்கோடு ஒருபுறம் என எழுத்துலகம் பிளவுண்டு கிடந்தது. உமர் தம்பியின் தேனீ எழுத்துரு, சுரதாவின் குறிமாற்றிகள் போன்ற தன்னார்வப் பணிகள் இல்லாவிடில் பழைய விண்டோஸ் 98 கணினியில் யூனிக்கோடு தமிழைப் படித்திருக்கவே முடியாது.

இனி நிறுவலுக்கு வருவோம். 1999இல் தொடங்கி 2003இல் கூகுள் வாங்கிய பிளாகர் சேவையில் பெயர் பதிந்தால் போதும், நிறுவுதற்கு ஒன்றுமில்லை. தனி முகவரியும் தன் உரிமையும் வேண்டியோர் வழங்கியை நாடினர். 2001இல் வெளிவந்த மூவபிள் டைப் முதலில் செல்வாக்குப் பெற்றது. 2004 மே மாதத்தில் அதன் உரிம விதிகள் மாறியதும் பலர் வேர்ட்பிரஸுக்குப் பெயர்ந்தனர். பி2 என்னும் பழைய மென்பொருளிலிருந்து கிளைத்து 2003 மே 27இல் வெளியான வேர்ட்பிரஸ், 2004இன் 1.2 பதிப்பில் பிறமொழி இடைமுகத்திற்கு வழிவிட்டது. அதே ஆண்டில் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி, சிதறிக் கிடந்த பதிவுகளை ஓரிடத்தில் காட்டிற்று.

செயல்முறை எளிதென்றே விளம்பரப்படுத்தப்பட்டது. 'ஐந்து நிமிட நிறுவல்' என்பது அதன் புகழ்பெற்ற தொடர். பொதியை விரித்துக் கோப்புகளை வழங்கிக்கு ஏற்ற வேண்டும். மையெஸ்க்யூஎல் தரவுத்தளம் ஒன்றை உருவாக்க வேண்டும். அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். பின் உலாவியில் நிறுவற்பக்கத்தைத் திறக்க வேண்டும். தொலைபேசி வழி 1515ஐ அழைத்து இணையத்தில் நுழைந்தவர்க்குக் கோப்பேற்றம் மட்டுமே ஓர் இரவை விழுங்கியிருக்கும்.

சிக்கல் அந்தத் தரவுத்தளத்தில்தான் இருந்தது. மையெஸ்க்யூஎல் சுவீடனில் பிறந்தது. அன்று அதன் இயல்பான எழுத்துத்தொகுதி லத்தீனாகவும் வரிசைமுறை சுவீடிய அகரவரிசையாகவும் இருந்தன. (தொல்காப்பியர் வகுத்த எழுத்துமுறையைச் சுவீடிய நெடுங்கணக்கில் அடுக்கிய பெருமை நம் தலைமுறைக்கே உரியது.) பயனர் வேறு எதையும் குறிப்பிடாவிடில் அட்டவணைகள் அவ்வாறே அமைந்தன. யூனிக்கோட்டின் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு இடம் கொள்ளும். நம் இலக்கணப்படி 4 எழுத்துகளாலான 'தோட்டம்' என்னும் சொல், யூனிக்கோட்டில் 7 குறிகள், வழங்கியில் 21 பைட்டுகள். இவ்விருபத்தொன்றையும் 21 லத்தீன் எழுத்துகளாகவே தரவுத்தளம் கருதியது. எழுதும்போதும் படிக்கும்போதும் அதே பிழை நேர்ந்தமையால் பக்கத்தில் தமிழ் சரியாகவே தெரிந்தது.

2004இல் நிலைபெற்ற மையெஸ்க்யூஎல் 4.1, அட்டவணைதோறும் எழுத்துத்தொகுதியைக் குறிக்கும் வசதி தந்தது. 2007இன் வேர்ட்பிரஸ் 2.2 அதனை அமைப்புக் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்தது. பழைய தளத்தார் அவ்வரியைப் புதிதாகச் சேர்த்தவுடன் தலையில் சாய்கோடு தாங்கிய ரோமன் எழுத்தும் வட்டத்துக்குள் அமைந்த வணிகக் குறியுமாகப் பக்கம் நிறைந்தது. தமிழ் போய்விட்டதென்று கருதித் தளத்தையே அழித்தோர் உண்டு. உண்மையில் அது போகவில்லை. உடைமாற்றம் மட்டுமே நிகழ்ந்திருந்தது.

இதனைச் சிலிபினில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நமக்கு அளித்த இரண்டு காப்புக் கோப்புகள் நன்கு விளக்குகின்றன. 2006இல் அவரே எடுத்து வட்டில் வைத்த முதற்கோப்பு முழுதும் மேற்கூறிய குழப்பக் குறிகளே. அதன் பைட்டுகள் பழுதுறாதிருந்தமையால் மீட்க முடிந்தது. ஆனால் மீட்பிலும் ஒரு பொறி உண்டு. விண்டோஸின் மேலை ஐரோப்பிய எழுத்து அட்டவணையில் 5 இடங்கள் வெற்றிடம். தமிழின் புள்ளி, உகரக் குறி, ஏகாரம், ஐகாரம் ஆகியவற்றின் இறுதிப் பைட்டுகள் அவ்விடங்களில் விழுகின்றன. கவனமற்ற கருவி அவற்றை உதிர்த்துவிடும். நம் முதல் முயற்சியில் 'வந்து' என்பது 'வநத' என்றே மீண்டது. புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் படித்துப் பழகியவர்க்கு இது புதிதன்று. ஆயின் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் வருமிடத்தில் ஊகம் பயன்படாது. வேறு முறையில் மறுபடியும் மாற்றியபின்பே உரை முழுமையாயிற்று.

இரண்டாங்கோப்பு 2007 முதல் 2011 வரையிலான பதிவுகளைக் கொண்டது. அட்டவணைகள் இம்முறை முறையாக யூனிக்கோட்டில் இருந்தன. வழங்கி இடம்பெயர்ந்தபோது லத்தீன் இணைப்பின் வழியே நகலெடுக்கப்பட்டதால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒரு வினாக்குறியாயிற்று. 'தமிழ்' இருந்த இடத்தில் 5 வினாக்குறிகள். இங்கு மீட்பதற்கு ஒன்றுமில்லை. தேதிகளும், ரோமன் எழுத்தில் நண்பர் இட்ட மறுமொழிகளும், படங்களின் பெயர்களும் மட்டும் எஞ்சியுள்ளன. சரியாக நிறுவியது அழிந்தது. பிழையாக நிறுவியது பிழைத்தது!

தேதியிலும் எச்சரிக்கை வேண்டும். வழங்கி அமெரிக்காவில் இருந்து, நேர அமைப்பு திருத்தப்படாதிருப்பின், சனவரி 14 காலையில் எழுதிய பொங்கல் வாழ்த்து 13ஆம் நாளில் பதிவாகியிருக்கும். மறுபுறம், 2008இன் 2.6 பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் திருத்தங்களையும் தனித்தனியே சேமித்தது. ஆசிரியர் எழுதி அடித்த வரியும் தரவுத்தளத்தில் கிடைக்கும். பாடவேறுபாடு காண்பார்க்கு இஃது அரிய பேறு. பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொண்டால் இது கிட்டாது.

2001இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட வேபேக் மெஷின் பல பக்கங்களைக் காத்துள்ளது. எனினும் அது காப்பது பக்கத்தின் தோற்றத்தையே. திஸ்கிப் பக்கங்களோ இன்றைய உலாவியில் எழுத்துருவின்றி மீண்டும் குழப்பக் குறிகளாகின்றன. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம் பதிப்பாளர்க்குப் பழகிய கடமை; வீட்டிலிருந்து தானே நிறுவிக்கொண்ட ஆசிரியர்க்கு அது தம்மைக் குறிப்பதாகத் தோன்றாது. 2007இல் அச்சிதழாகத் தொடங்கி 2009இல் இணையத்திற்குப் பெயர்ந்த 'வல்லினம்' போன்ற இதழுக்குப் பின்னால் ஒரு குழு உண்டு. தனியாளின் தளமோ அவருடைய கடனட்டை காலாவதியாகும் நாளில் முடிந்துவிடும்.

ஆகவே துறைநூலகங்கள் அச்சுப்படியைக் கேட்பதோடு நில்லாமல் தரவுத்தளக் கோப்பையே பெறுதல் வேண்டும் என்பது நம் கருத்து. மென்பொருட் பதிப்பு, குறியாக்கம், வழங்கியின் நேர அமைப்பு ஆகிய மூன்றையும் பெறும்போதே எழுதிவைக்க வேண்டும். சிலிபின் ஆசிரியரின் முதற்கோப்பு இவ்வாறே பதிந்து வைக்கப்பட்டுள்ளது. 2007க்குப் பிந்திய பதிவுகளை எவரேனும் மின்னஞ்சலில் பெற்றிருக்கலாம் அல்லது வகுப்பிற்காக அச்சிட்டிருக்கலாம் என்பதால் அவருடைய பழைய மாணவர்களிடம் இப்பொழுது கேட்டுவருகிறோம். இதுவரை 11 பதிவுகள் தாளில் கிடைத்துள்ளன.