மரணச் சான்றிதழை வாங்காத அம்மாக்கள்

1984இல், இராணுவம் பிடிச்சுக்கொண்டுபோன பிள்ளைகளை விடச்சொல்லி யாழ்ப்பாணத் தாய்மார் கச்சேரிக்கு ஊர்வலம் போனார்கள். அன்னையர் முன்னணி அப்படித்தான் தொடங்கியது. ஜேவிபி கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது பிள்ளைகளைத் தொலைத்த சிங்களத் தாய்மாரும் 1990இல் மாத்தறையில் அதே பெயரில் திரண்டார்கள்.

2017 பெப்ரவரி 20, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அம்மாக்கள் தொடர் போராட்டத்தில் குந்தினார்கள். 2009 மே மாதம் இராணுவத்திடம் தாங்களே கையளித்த பிள்ளைகளைத்தான் பலர் கேட்கினம்.

2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய, காணாமல்போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்றார். விசாரித்து மரணச் சான்றிதழ் தரலாம் என்றார். அம்மாக்கள் ஏற்கவில்லை. அதை வாங்கினால் “எங்கட பிள்ளையை என்ன செய்தனீங்கள்?” என்ற கேள்விக்கு ஆர் பதில் சொல்லுவினம்? பதில் வரும்வரை அவைக்குப் பிள்ளை உயிரோடதான்.