வீரசோழபுரத்துச் சுந்தரரும் ஒரு வரிக் குறிப்பும்

2026 ஜனவரியில் வாஷிங்டனிலிருந்து வந்த ஒரு செய்தியை நம் பக்கத்தில் எத்தனை பேர் கவனித்தீர்களோ தெரியவில்லை. அங்குள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகம், தன்னிடம் இருக்கும் மூன்று செப்புத் திருமேனிகளை இந்திய அரசுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது. ஒன்று நடராஜர், ஒன்று சோமாஸ்கந்தர். மூன்றாவது, பரவை நாச்சியாருடன் நிற்கும் சுந்தரர். விஜயநகர காலம், 16ஆம் நூற்றாண்டு. அந்தச் சுந்தரர் நம் வீரசோழபுரத்துச் சிவன் கோயிலில் இருந்தவர்.

கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகம் கட்ட இடம் பார்த்தபோது கோயில் நிலம் என்று உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனதே, அதே வீரசோழபுரம்தான். சுந்தரர் பிறந்த திருநாவலூரும் இன்று நம் மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிறது. ஆக, போனவர் சொந்த மண்ணுக்காரர். 1987இல் ஆர்தர் சாக்லர் என்ற சேகரிப்பாளர் நன்கொடையாகக் கொடுத்த சுமார் 1,000 பொருள்களோடு அவரும் அந்த அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டார்.

அவர் வீரசோழபுரத்துக்காரர் என்பது எப்படித் தெரிந்தது? ஒரு புகைப்படத்தால். 1956இல் அந்தக் கோயிலிலேயே எடுத்த படம் அது. வைத்திருந்தது புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம்.

புதுச்சேரி 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நம் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1955 மார்ச்சில், பிரெஞ்சு நிறுவனம் தொடங்கியது. அதை நிறுவியவர் ழான் ஃபிலியோசா. மருத்துவம் படித்தவர், சம்ஸ்கிருதமும் தமிழும் கற்ற அறிஞர். ஆகமச் சுவடிகளைச் சேகரிக்கும் வேலையோடு, கோயில்களைப் படம் பிடிக்கும் வேலையும் 1956இல் தொடங்கியது. ஊர் ஊராகப் போய் கோபுரம், தூண், கோஷ்டத்துச் சிலை, உற்சவமூர்த்தி என்று கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். அப்படிச் சேர்ந்தவை சுமார் 1,60,000 படங்கள்.

அவர்கள் எடுத்தது ஆராய்ச்சிக்காக. எந்த மூர்த்திக்கு எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம், ஆகமம் சொல்வதும் சிற்பி செய்ததும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பதற்காக. திருடனைப் பிடிப்பது அப்போது யார் எண்ணத்திலும் இல்லை. தொல்பொருள்களைப் புகைப்படத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லும் சட்டமே 1972இல்தான் வந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே வீரசோழபுரத்துக்கு ஒரு கேமரா வந்து போயிருக்கிறது.

2022இல் தமிழகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு போலீசார், இந்தக் கோயிலின் சிலைகள் அமெரிக்காவில் இருப்பதாக இந்தப் படங்களை வைத்துத்தான் சொன்னார்கள். 2023இல் அருங்காட்சியகமும் அதே படங்களோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதையும் இதே போன்றதுதான். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய சிலை அது. 1994இல் கோயிலில் எடுத்த படம் புதுச்சேரியில் இருந்தது. 2014இல் நடராஜர் திரும்பி வந்தார்.

வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் என் கண்ணில் பட்டது வேறொன்று. அருங்காட்சியகத்தின் அறிவிப்பில் வீரசோழபுரம் என்ற கிராமம், கள்ளக்குறிச்சி தாலுகா, 1956 என்ற ஆண்டு மூன்றும் இருந்தன. படம் மட்டும் இருந்து இந்த ஒரு வரி இல்லாமல் போயிருந்தால்? சுந்தரரும் பரவையும் இல்லாத பெரிய சிவாலயம் குறைவு. எந்த ஊர்ச் சுந்தரர் என்று யார் சொல்ல முடியும்? சிலையைக் காட்டியது படம். அதை ஊரோடு சேர்த்தது அந்த வரி.

அந்த வரியையும் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். 1956இல் நாம் தென்னாற்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் மாவட்டம் ஆனோம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர் நகரவே இல்லை, மேல்விலாசம் மட்டும் இரண்டு முறை மாறியது. அந்த அறிவிப்பில் சோமாஸ்கந்தரின் ஊராகச் சொல்லப்பட்ட மன்னார்குடி வட்டத்து ஆலத்தூரும், நடராஜரின் திருத்துறைப்பூண்டியும் அன்று தஞ்சாவூர் மாவட்டம். இன்று திருவாரூர் மாவட்டம். ஆங்கிலத்தில் வீரசோழபுரத்தை எழுதுவதிலும் இரண்டு மூன்று விதம் உண்டு. ஓர் எழுத்து மாறினால் கணினி கையை விரித்துவிடும்.

இதைப் படித்த பிறகுதான் எங்கள் வீட்டு நெட்வொர்க் டிரைவை ஒழுங்கு செய்ய உட்கார்ந்தேன். மகன் வைத்துக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி. வீட்டில் யார் போனிலிருந்தும் அதிலுள்ள படங்களைப் பார்க்கலாம். ரிஷிவந்தியத்துத் தேர், கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா, ஏரி உடைந்த வருஷம், கல்வராயன் மலைப் பயணம் என்று உறவினரும் நண்பர்களும் கொடுத்தவை நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பெயர் கேமரா போட்ட எண்தான். பழைய படங்களுக்குக் கணினி காட்டும் தேதியோ நாங்கள் ஸ்கேன் செய்த தேதி. அதை நம்பினால் 1960களின் தேரோட்டம் 2021இல் நடந்ததாகிவிடும்.

எனவே ஒரு முறை வைத்துக்கொண்டேன். கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு ஊர், பிறகு பொருள். ஆண்டு நிச்சயமில்லை என்றால் 'சுமார்' என்று சேர்ப்பேன். மாவட்டம் எழுதும்போது தென்னாற்காடு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி மூன்றையும் எழுதிவிடுவேன். எதைப் போட்டுத் தேடினாலும் கிடைக்கும். 'அர்த்தநாரீஸ்வரர் கோயில்' என்று மட்டும் எழுதுவதில்லை. தேனபிஷேகத்தில் அம்பாள் தெரியும் நம் ரிஷிவந்தியத்துச் சுவாமிக்கும் அதுதான் பெயர், வீரசோழபுரத்துச் சுவாமிக்கும் அதுதான் பெயர். படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக எழுதுகிறேன். தகவல் சொன்னவர் யார் என்பதையும் சேர்க்கிறேன். இந்தக் குறிப்புகளைப் படக் கோப்புக்குள்ளேயே பதியவும் வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் படத்தை வேறு இடத்துக்கு நகலெடுத்தாலும் குறிப்பு கூடவே போகும். எல்லாவற்றுக்கும் இன்னொரு நகல் வேறு ஊரில், மகன் வீட்டில் இருக்கிறது. ஒரே பெட்டியை நம்ப முடியாது.

ஒரு நாளைக்கு இருபது படம் முடித்தால் அதிகம். முகம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் எல்லாம் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களைப் போய்ப் பார்த்துக் கேட்பதுதான் இப்போது என் அவசர வேலை. பெட்டியில் இருக்கும் படம் அடுத்த வருஷமும் இருக்கும். அவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டுப் பீரோவிலும் ஓர் ஆல்பம் இருக்கும். திருவிழாப் படத்தின் ஓரத்தில் ஓர் உற்சவமூர்த்தி நிற்பார். கல்யாணப் படத்தின் பின்னால் இடிந்து போன ஒரு மண்டபம் தெரியும். பேனாவால் எழுத வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மென்மையான பென்சிலால், படத்தின் பின்பக்க ஓரத்தில், ஊர், கோயில், வருஷம் மூன்றையும் எழுதி வையுங்கள். தெரிந்தால் ஆட்கள் பெயரும்.