பாஸ்டன்: சிவப்புக் கோட்டின் வழியே

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைநகர் பாஸ்டன். இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்த பியூரிட்டன் கிறித்தவர்கள் 1630இல் நிறுவிய ஊர். பழைய பகுதியின் தெருக்கள் குறுகலாக வளைந்து வளைந்து செல்பவை. அங்கே காரைக் கொண்டுபோனால் அலைச்சல்தான் மிஞ்சும், நடந்தே பார்க்க வேண்டும். வழிகாட்டத் தரையில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது, சில இடங்களில் செங்கல்லாக, சில இடங்களில் வண்ணப்பூச்சாக. வில்லியம் ஸ்கோஃபீல்டு என்ற பத்திரிகையாளரின் யோசனையால் 1951இல் உருவான இந்த ‘ஃப்ரீடம் டிரெயில்’ ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்தில் 16 இடங்களை இணைக்கிறது.

பாஸ்டன் காமன் பூங்காவில் நடை தொடங்குகிறது. 1634 முதல் ஊர்ப் பொதுநிலமாக இருக்கும் இங்கே ஒரு காலத்தில் மாடுகள் மேய்ந்தன. அருகிலுள்ள கிரேனரி கல்லறைத் தோட்டத்தில் அமெரிக்க விடுதலைப் போராட்ட முன்னோடிகளான சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக், பால் ரெவியர் மூவரும் அடக்கமாகியிருக்கிறார்கள்.

அடுத்து, அவசரப்படாமல் நின்று பார்க்க வேண்டிய இடம் ஓல்டு சவுத் மீட்டிங் ஹவுஸ். 1773 டிசம்பர் 16 அன்று ஆயிரக்கணக்கானோர் இங்கே கூடித் தேயிலை வரியை எதிர்த்தனர். அன்றிரவே அவர்களில் ஒரு குழுவினர் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினர். அது சீனத்தில் விளைந்த தேயிலை. உரிமையாளர், சென்னையில் கோட்டை கட்டி ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி.

சில நிமிட நடையில் ஓல்டு ஸ்டேட் ஹவுஸ். 1713இல் எழுந்த கட்டடம். இப்போது அதன் அடித்தளத்திலேயே சுரங்க ரயில் நிலையத்தின் வாசல். எதிரே 1770 மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க, அமெரிக்கப் பூர்வகுடி வழி வந்தவர்.

வடக்கே போனால் இத்தாலியர் குடியேறிய நார்த் எண்ட். 1775 ஏப்ரல் 18 இரவு, பிரிட்டிஷ் படை நீர்வழியே புறப்படுவதை அறிவிக்க இரண்டு விளக்குகள் ஏற்றப்பட்ட ஓல்டு நார்த் தேவாலயம் இங்கேதான். ஆற்றைக் கடந்தால் பங்கர் ஹில் நினைவுத்தூண்: 294 படிகள், லிஃப்ட் கிடையாது.

ஆனால் சிவப்புக் கோட்டோடு திரும்பிவிடுபவர் பாதி வரலாற்றையே பார்க்கிறார். ‘விடுதலையின் தொட்டில்’ என்று கொண்டாடப்படும் ஃபேனியல் ஹாலை 1742இல் ஊருக்குக் கொடுத்த பீட்டர் ஃபேனியல், அடிமை வணிகத்திலும் பொருள் ஈட்டியவர். இந்த முரணின் மறுபக்கத்தை அறியப் பீக்கன் ஹில் மேட்டிலுள்ள கறுப்பினப் பாரம்பரியத் தடத்தில் நடக்க வேண்டும். காமன் பூங்காவின் ஓரத்தில், உள்நாட்டுப் போரில் பொருத 54ஆம் கறுப்பினப் படைப்பிரிவின் வெண்கலச் சிற்பம் நிற்கிறது. 1897இல் அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் வடித்தது. அங்கிருந்து சரிவில் இறங்கினால் 1806இல் கட்டிய ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸ். கறுப்பினத்தவர் தமக்கென எழுப்பிய தேவாலயங்களில் அமெரிக்காவில் இன்றும் நிற்பவற்றுள் மிகப் பழையது இது. 1832இல் வில்லியம் லாயிட் காரிசன் நியூ இங்கிலாந்து அடிமை ஒழிப்புச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்தக் கூரையின் கீழேதான். இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அதற்கு ஒரு முழு முற்பகலை ஒதுக்கலாம்.